நம்பை 2.0

நம்பை 2.0 என்பது பைத்தான் நிரல்மொழியில் எண்சார் கணிப்புகளுக்குப் பயன்படும் நம்பை என்னும் கட்டற்ற நிரலகத்தின் இரண்டாம் பெரும்பதிப்பு ஆகும். இது 2024 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் வெளியிடப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் 1.0 பதிப்பு வெளிவந்த பின்னர், ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து வந்த முதலாவது பெரும்பதிப்பு இதுவே. பதினொரு மாத காலப் பணியில் 212 பங்களிப்பாளர்கள் இதற்குப் பங்களித்தனர்.

பொதுவாக ஒரு நிரலகத்தின் புதிய பதிப்பு என்றால் புதிய வசதிகளே பேசப்படும். நம்பை 2.0 பெரிதும் பேசப்பட்டதற்குக் காரணம் வேறு. இப்பதிப்பு பழைய பதிப்புகளுடனான ஒத்திசைவைச் சில இடங்களில் வேண்டுமென்றே முறித்துக்கொண்டது. அதனால் சில நிரல்கள் இயங்காமல் நின்றன; சில நிரல்கள் இயங்கினாலும் முன்பு தந்த விடையிலிருந்து வேறுபட்ட விடையைத் தந்தன. அறிவியல் ஆய்வு முடிவுகள் பல இந்நிரலகத்தின் மேல் அமைந்த கணக்குகளைச் சார்ந்திருப்பதால், இம்மாற்றங்கள் எவை, ஏன் செய்யப்பட்டன என்பதை அறிந்திருத்தல் பைத்தான் பயன்படுத்தும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இன்றியமையாதது.

பின்னணி

நம்பை என்னும் பெயர் நியூமெரிக்கல் பைத்தான் என்பதன் சுருக்கம். பைத்தான் மொழியில் இயல்பாக உள்ள பட்டியல் எவ்வகைப் பொருளையும் ஏற்கக்கூடியது. அந்த நெகிழ்வே அதன் குறையும் ஆகும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் நினைவகத்தில் தனித்தனிப் பொருளாக இருப்பதால், பத்து இலட்சம் எண்களைக் கூட்டுவது மெதுவாக நடக்கிறது. நம்பை தரும் அணி என்னும் அமைப்பில் எல்லா உறுப்புகளும் ஒரே தரவு வகையைச் சேர்ந்தவை. அவை நினைவகத்தில் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்படுகின்றன. கணக்குகள் சி மொழியில் எழுதப்பட்ட சுழல்களால் செய்யப்படுவதால் வேகம் பன்மடங்கு கூடுகிறது.

இத்தகைய அணிக்கான முதல் நிரலகமான நியூமெரிக் 1995 ஆம் ஆண்டில் ஜிம் ஹுகுனின் என்பவரால் தொடங்கப்பட்டது. பின்னர், ஹபிள் தொலைநோக்கியின் தரவுகளைக் கையாளும் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் நம்அரே என்னும் மற்றொரு நிரலகம் உருவாக்கப்பட்டது. பயனர்கள் இரு பிரிவுகளாகப் பிரிந்த நிலையில், டிராவிஸ் ஆலிபன்ட் 2005 ஆம் ஆண்டில் இவ்விரண்டின் சிறப்புகளையும் இணைத்து நம்பையை உருவாக்கினார்.

சைப்பை, பாண்டாசு, மேட்பிளாட்லிப், சைகிட்-லேர்ன் முதலிய நிரலகங்கள் நம்பையின் அணிகளையே அடித்தளமாகக் கொண்டவை. ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்த லைகோ திட்டத்தின் தரவுப் பகுப்பாய்விலும், 2019 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கருந்துளையின் முதல் படத்தை உருவாக்கிய பணியிலும் நம்பை பயன்பட்டது.

ஒத்திசைவை முறிக்க நேர்ந்த காரணங்கள்

பலரும் சார்ந்திருக்கும் நிரலகம் என்பதால் நம்பையின் உருவாக்குநர்கள் நீண்ட காலமாகப் பழைய நிரல்களைக் குலைக்காத கொள்கையைப் பின்பற்றி வந்தனர். ஒரு வசதியை நீக்க வேண்டுமெனில், குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை தந்த பின்னரே நீக்குவது வழக்கம். இவ்வழக்கத்தால் சிறு திருத்தங்களைச் செய்ய முடிந்தது. ஆனால், மூன்று வகையான குறைகள் இம்முறையால் தீர்க்கப்பட முடியாமல் தேங்கின.

முதலாவது, சி மொழி இடைமுகத்தில் வெளியில் தெரியும்படி இருந்த தரவுக் கட்டமைப்புகள். அவற்றின் அளவை மாற்றினால், ஏற்கனவே தொகுக்கப்பட்ட பிற நிரலகங்கள் அனைத்தும் பழுதடையும். இரண்டாவது, வெவ்வேறு தரவு வகைகள் கலக்கும்போது விடையின் வகையைத் தீர்மானிக்கும் விதிகள். அவற்றை மாற்றினால் விடைகளே மாறும். மூன்றாவது, பல ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட மிகையான பெயர்கள். இவை அனைத்தையும் தனித்தனியே மாற்றிப் பயனரைப் பலமுறை இடருக்கு உள்ளாக்குவதை விட, ஒரே பெரும்பதிப்பில் சேர்த்து மாற்றுவது நன்று என்று முடிவு செய்யப்பட்டது. இம்மாற்றங்களுள் முக்கியமானவை நம்பை மேம்பாட்டு முன்மொழிவுகள் என்னும் எண்ணிட்ட ஆவணங்களாக எழுதப்பட்டு, திறந்த விவாதத்தின் பின் ஏற்கப்பட்டன.

தரவு வகை உயர்வு விதிகள்

நம்பை 2.0 இன் மாற்றங்களுள் விடைகளை நேரடியாகப் பாதிக்கக்கூடியது இதுவே. இது செபாஸ்டியன் பெர்க் எழுதிய 50 ஆம் எண் முன்மொழிவின்படி அமைந்தது.

இரு வேறு வகை எண்களைக் கூட்டும்போது விடை எந்த வகையில் அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தரவு வகை உயர்வு எனப்படும். எடுத்துக்காட்டாக, 32 பிட் மிதவைப் புள்ளி எண்களின் அணியையும் 64 பிட் எண்களின் அணியையும் கூட்டினால் விடை 64 பிட் எண்களாக அமையும். இதில் ஐயம் இல்லை. அணி ஒன்றுடன் தனி எண் ஒன்று சேரும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பழைய பதிப்புகளில், தனி எண்ணின் வகை மட்டுமன்றி அதன் மதிப்பும் கருத்தில் கொள்ளப்பட்டது. குறியற்ற 8 பிட் முழுவெண் அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இவ்வகையில் 0 முதல் 255 வரையிலான எண்களையே குறிக்க முடியும். படங்களின் புள்ளிகள் பெரும்பாலும் இவ்வகையிலேயே சேமிக்கப்படுகின்றன. இவ்வணியில் 200 என்னும் மதிப்பு இருப்பதாகக் கொள்க.

* இவ்வணியுடன் 100 ஐக் கூட்டினால், 100 என்பது 8 பிட்டுக்குள் அடங்குவதால் விடையும் 8 பிட்டிலேயே அமையும். 300 என்பது அவ்வகையில் அடங்காததால், 256 கழிக்கப்பட்டு 44 என்னும் விடை கிடைக்கும்.
* அதே அணியுடன் 300 ஐக் கூட்டினால், 300 என்பது 8 பிட்டுக்குள் அடங்காததால் பழைய பதிப்பில் விடை 16 பிட் வகைக்கு உயரும். 500 என்னும் சரியான விடை கிடைக்கும்.

அதாவது, சிறிய எண்ணைக் கூட்டினால் பிழையான விடையும் பெரிய எண்ணைக் கூட்டினால் சரியான விடையும் கிடைத்தன. விடையின் வகை கூட்டப்படும் எண்ணின் மதிப்பைப் பொறுத்து மாறியதால், நிரலைப் படித்து மட்டும் அதன் வகையைக் கூற இயலாது. மேலும், அணிக்குப் பதிலாக ஒற்றை 8 பிட் எண்ணை எடுத்துக்கொண்டால் விதி மீண்டும் மாறும். அப்போது 200 உடன் 100 ஐக் கூட்டினால் விடை பெரிய முழுவெண் வகைக்கு உயர்ந்து 300 என்றே கிடைக்கும். ஒரே கணக்கு, அணியில் ஒரு விடையும் தனி எண்ணில் மற்றொரு விடையும் தந்தது.

புதிய விதி எளிமையானது. எண்ணின் மதிப்பு பார்க்கப்படுவதில்லை. வகை மட்டுமே பார்க்கப்படுகிறது. நிரலில் நேரடியாக எழுதப்படும் 100, 3.0 போன்ற பைத்தானின் இயல்பான எண்கள் வலுவற்றவை எனக் கருதப்படுகின்றன. அவை தம்முடன் சேரும் நம்பை எண்ணின் வகையை ஏற்றுக்கொள்ளும். நம்பை வகையைச் சேர்ந்த எண்கள், தனி எண்ணாயினும் அணியாயினும், தம் வகையை விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்விதியின் விளைவுகள் சில வருமாறு:

* 8 பிட் தனி எண் 200 உடன் 100 ஐக் கூட்டினால் முன்பு 300 கிடைத்தது. 2.0 இல் 44 கிடைக்கும். வழிதல் நேர்ந்தது என்னும் எச்சரிக்கையும் தோன்றும்.
* 8 பிட் அணியுடன் 300 ஐக் கூட்ட முயன்றால், 300 அவ்வகையில் அடங்காது என்று பிழை அறிவிக்கப்பட்டுக் கணக்கு நின்றுவிடும்.
* 32 பிட் மிதவைப் புள்ளித் தனி எண் 3 உடன் 3.0 ஐக் கூட்டினால் முன்பு விடை 64 பிட்டாக அமைந்தது. 2.0 இல் 32 பிட்டாகவே இருக்கும்.
* 32 பிட் மிதவைப் புள்ளி அணியுடன் நம்பையின் 64 பிட் தனி எண்ணைக் கூட்டினால் முன்பு விடை 32 பிட்டாக இருந்தது. 2.0 இல் 64 பிட்டாக உயரும்.

மேற்கண்டவற்றுள் மூன்றாவது மாற்றத்தில் கவனம் தேவை. 32 பிட் மிதவைப் புள்ளி எண் ஏறத்தாழ 7 தசம இலக்கத் துல்லியம் மட்டுமே கொண்டது. 64 பிட் எண் 15 அல்லது 16 இலக்கத் துல்லியம் கொண்டது. முன்பு தன்னையறியாமல் உயர் துல்லியத்தில் நடந்து வந்த ஒரு கணக்கு, புதிய பதிப்பில் எவ்விதப் பிழைச் செய்தியும் இன்றித் தாழ்ந்த துல்லியத்தில் நடக்கக்கூடும். நான்காவது மாற்றத்தில் விளைவு இதற்கு எதிரானது. துல்லியம் கூடும், ஆனால் அணிக்குத் தேவையான நினைவகம் இருமடங்காகும்.

ஒப்பீடுகளும் மாறுகின்றன. 0.1 என்னும் எண்ணை இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. 32 பிட்டில் அது ஏறத்தாழ 0.1000000015 என்று சேமிக்கப்படுகிறது. 32 பிட் அணியில் உள்ள 0.1 ஐ நம்பையின் 64 பிட் 0.1 உடன் ஒப்பிட்டால், பழைய பதிப்பு 64 பிட் எண்ணை 32 பிட்டாகச் சுருக்கி இரண்டும் சமம் என்றது. புதிய பதிப்பு 32 பிட் எண்ணை 64 பிட்டாக விரித்து இரண்டும் சமமல்ல என்கிறது. சமன்பாட்டு ஒப்பீட்டை நம்பி எழுதப்பட்ட நிபந்தனைகள் இதனால் வேறு வழியில் செல்லக்கூடும்.

விண்டோசு இயங்குதளத்தில் முழுவெண்ணின் நீளம்

நம்பையின் 1.x பதிப்புகளில், வகை குறிப்பிடாமல் உருவாக்கப்படும் முழுவெண் அணி சி மொழியின் லாங் என்னும் வகையைப் பின்பற்றியது. 64 பிட் லினக்சு, மேக் கணினிகளில் இவ்வகை 64 பிட் நீளமுடையது. விண்டோசில், கணினி 64 பிட்டாக இருந்தாலும், இது 32 பிட்டே. ஆகவே ஒரே நிரல் இரு கணினிகளில் இரு வேறு விடைகளைத் தரும் நிலை இருந்தது.

எடுத்துக்காட்டாக, 50000 என்னும் ஓர் உறுப்புடைய முழுவெண் அணியை அதனுடனேயே பெருக்கினால் 2500000000 கிடைக்க வேண்டும். 32 பிட் முழுவெண்ணின் மேல் வரம்பு 2147483647 ஆகும். ஆகவே விண்டோசில் −1794967296 என்னும் எதிர்ம எண் கிடைத்தது. அணிகளில் இத்தகைய வழிதலுக்கு எச்சரிக்கையும் தரப்படுவதில்லை. லினக்சில் எழுதி, அங்கேயே சோதித்துப் பார்க்கப்பட்ட நிரலில் இக்குறை வெளிப்பட வாய்ப்பில்லை.

நம்பை 2.0 இல், எல்லா 64 பிட் கணினிகளிலும் இயல்பான முழுவெண் 64 பிட்டாக ஆக்கப்பட்டது. பெரும்பாலான பயனர்களுக்கு இது நன்மையே. ஆயினும், சி மொழியின் லாங் வகையை எதிர்பார்த்து எழுதப்பட்ட விரிவாக்க நிரல்கள் விண்டோசில் திருத்தப்பட வேண்டியிருந்தது.

இரும இடைமுக முறிவு

ஒரு நிரலகத்திற்கு இரு வகை இடைமுகங்கள் உண்டு. நிரலர் எழுதும் பெயர்களும் அழைப்பு முறைகளும் நிரல் இடைமுகம் ஆகும். தொகுக்கப்பட்ட பின்னர், நினைவகத்தில் எந்த இடத்தில் எந்த மதிப்பு இருக்கும் என்பது குறித்த உடன்பாடு இரும இடைமுகம் ஆகும். முன்னையது மாறினால் நிரலைத் திருத்த வேண்டும். பின்னையது மாறினால், நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாவிடினும், அதனை மீண்டும் தொகுக்க வேண்டும்.

நம்பை 2.0 இல் தரவு வகையை விவரிக்கும் சி கட்டமைப்பு மாற்றப்பட்டது. ஓர் உறுப்பின் அளவைக் குறிக்கும் புலம் பெரிதாக்கப்பட்டது. கலப்பெண் வகைகள் சி மொழியின் 1999 ஆம் ஆண்டுச் செந்தரத்தில் உள்ள கலப்பெண் வகைகளாக மாற்றப்பட்டன. ஓர் அணிக்கு இருக்கக்கூடிய பரிமாணங்களின் வரம்பு 32 இலிருந்து 64 ஆக உயர்த்தப்பட்டது.

இதன் விளைவாக, 1.x பதிப்புடன் தொகுக்கப்பட்ட நிரலகங்கள் 2.0 உடன் இயங்கமாட்டா. அவ்வாறு இயக்க முயன்றால், அந்நிரற்கூறு நம்பை 1.x கொண்டு தொகுக்கப்பட்டது, 2.0 இல் இயக்க முடியாது என்னும் பொருள்படும் செய்தி தோன்றும். ஆனால் எதிர்த்திசையில் தடை இல்லை. 2.0 உடன் தொகுக்கப்பட்ட நிரலகங்கள் 1.x பதிப்புகளுடனும் இயங்கும்படி வழி செய்யப்பட்டிருந்தது. ஆகவே நிரலகம் ஒன்றை வெளியிடுவோர் ஒருமுறை தொகுத்தால் இரு தரப்புப் பயனர்களுக்கும் வழங்க முடிந்தது.

பெயர்வெளியின் தூய்மையாக்கம்

நிரலகம் ஒன்றில் பயனர் நேரடியாக அழைக்கக்கூடிய பெயர்களின் தொகுதி பெயர்வெளி எனப்படும். நம்பையின் முதன்மைப் பெயர்வெளியில் ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் சேர்ந்திருந்தன. முடிவிலி என்னும் மதிப்புக்கு மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குவது, சிறிய எழுத்தில் தொடங்குவது, முழுச்சொல்லாக எழுதுவது எனப் பல வடிவங்கள் இருந்தன. புதிதாகக் கற்போருக்கு இவற்றுள் எது சரியானது என்னும் குழப்பம் ஏற்பட்டது.

52 ஆம் எண் முன்மொழிவின்படி, முதன்மைப் பெயர்வெளியில் ஏறத்தாழ 100 பெயர்கள் நீக்கப்பட்டன, இடம் மாற்றப்பட்டன, அல்லது கைவிடப்படவுள்ளவை என அறிவிக்கப்பட்டன. முக்கியமான சில:

* முடிவிலிக்கு இன்ஃப் என்றும், எண்ணல்லாத மதிப்புக்கு நான் என்றும் சிறிய எழுத்தில் அமைந்த ஒரே வடிவம் வைத்துக்கொள்ளப்பட்டு, ஏனைய வடிவங்கள் நீக்கப்பட்டன.
* அடிக்கோட்டில் முடியும் ஃபுளோட், காம்ப்ளெக்சு என்னும் வகைப் பெயர்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக ஃபுளோட்64, காம்ப்ளெக்சு128 என நீளத்தைக் குறிக்கும் பெயர்களைப் பயன்படுத்த வேண்டும்.
* பெருக்குத்தொகை காணும் பிராடக்ட் என்னும் செயற்கூறு நீக்கப்பட்டது. அதே பணியைச் செய்யும் பிராட் என்பது நிலைத்தது.
* சரிவக முறையில் தொகையீடு காணும் டிராப்சு என்னும் செயற்கூறு கைவிடப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டு, டிராப்பிசாய்டு என்னும் முழுப்பெயர் கொண்ட செயற்கூறு சேர்க்கப்பட்டது.
* கோர் என்னும் உட்பகுதி, பயனர் நேரடியாக அழைக்கக்கூடாத அகப்பகுதி என்பதைக் காட்டும் வகையில் முன்னால் அடிக்கோடு இடப்பட்டது.

பூல் என்னும் பெயரின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. முன்பு நம்பையில் இப்பெயர் பைத்தானின் இயல்பான மெய்ம்மை வகையைக் குறித்தது. இது குழப்பம் தந்ததால் 1.20 பதிப்பில் எச்சரிக்கை இடப்பட்டு, 1.24 பதிப்பில் நீக்கப்பட்டது. 2.0 இல் அதே பெயர் நம்பையின் சொந்த மெய்ம்மை வகையைக் குறிக்கும் பெயராக மீண்டும் வந்தது.

நகலெடுத்தல் பற்றிய விதி

ஓர் அணியிலிருந்து மற்றோர் அணியை உருவாக்கும்போது, தரவு முழுவதையும் நகலெடுக்கலாம். அல்லது பழைய தரவையே இரு அணிகளும் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்துகொண்டால் நினைவகம் மிச்சமாகும். ஆனால் ஓர் அணியில் செய்யும் மாற்றம் மற்றதிலும் தெரியும்.

பழைய பதிப்புகளில் நகல் வேண்டாம் என்று குறிப்பிட்டால், இயன்றவரை நகலெடுக்காதே என்றே பொருள் கொள்ளப்பட்டது. தேவைப்பட்டால் நம்பை அறிவிக்காமலே நகலெடுத்தது. 2.0 இல் இக்குறிப்பு அதன் நேர்ப்பொருளைப் பெற்றது. நகல் வேண்டாம் என்றால் நகலெடுக்கவே கூடாது. அது இயலாதெனில் பிழை அறிவிக்கப்படும். பழைய நடத்தையை விரும்புவோர் நகல் என்னும் அளவுருவிற்கு நன் என்னும் வெற்று மதிப்பைத் தர வேண்டும்.

எண்களின் வெளிக்காட்டல்

பைத்தான் ஊடாட்ட முறையில் நம்பையின் 64 பிட் எண் 3.0 ஐக் கேட்டால், முன்பு 3.0 என்று மட்டும் காட்டப்பட்டது. அது பைத்தானின் இயல்பான எண்ணா, நம்பையின் எண்ணா என்று அறிய வழியில்லை. 2.0 இல் வகையின் பெயரும் சேர்த்துக் காட்டப்படுகிறது. புதிய உயர்வு விதிகளில் எண்ணின் வகையே விடையைத் தீர்மானிப்பதால், வகை கண்ணுக்குத் தெரிவது இன்றியமையாததாயிற்று. அச்சிடும் கட்டளை தனி எண்ணை அச்சிடும்போது முன்புபோல் 3.0 என்றே அச்சிடும். ஆயினும், ஆவணங்களில் எழுதப்பட்ட எடுத்துக்காட்டு விடைகளை நிரலின் விடையுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைகள் பல இம்மாற்றத்தால் தோல்வியுற்றன.

மாறும் நீளச் சரங்கள்

2.0 இல் சேர்க்கப்பட்ட புதிய வசதிகளுள் முதன்மையானது சரங்களுக்கான புதிய தரவு வகையாகும். இது நேத்தன் கோல்ட்பாம் முதலியோர் எழுதிய 55 ஆம் எண் முன்மொழிவின்படி அமைந்தது.

நம்பையின் பழைய யுனிகோடு சர வகையில் ஒவ்வொரு குறியுருவுக்கும் 4 பைட்டு ஒதுக்கப்படும். அணியின் எல்லா உறுப்புகளும் ஒரே நீளமுடையவை. அந்நீளம் மிக நீண்ட சொல்லைக் கொண்டு தீர்மானிக்கப்படும். தமிழ்ச் சொற்களைக் கொண்டு இதனை விளக்கலாம். யுனிகோடில் கல் என்னும் சொல் 3 குறியுருக்களையும் பல்கலைக்கழகம் என்னும் சொல் 13 குறியுருக்களையும் கொண்டவை. இவ்விரண்டும் ஓர் அணியில் இருந்தால், கல் என்னும் சொல்லுக்கும் 52 பைட்டு ஒதுக்கப்படும்.

இடம் வீணாவதை விடக் கடுமையான குறை மற்றொன்று உண்டு. கல் என்னும் சொல் மட்டுமே கொண்டு உருவாக்கப்பட்ட அணியின் உறுப்பு நீளம் 3 ஆகும். அதில் பல்கலைக்கழகம் என்னும் சொல்லை இட்டால், முதல் 3 குறியுருக்கள் மட்டுமே எஞ்சிப் பல் என்று சேமிக்கப்படும். பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ தோன்றாது.

புதிய வகையில் சரங்கள் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தத்தம் நீளத்திற்கு ஏற்பச் சேமிக்கப்படுகின்றன. 64 பிட் கணினியில் அணியின் ஒவ்வோர் உறுப்பும் 16 பைட்டு கொண்டது. 15 பைட்டு வரையிலான சிறு சரங்கள் அவ்விடத்திலேயே வைக்கப்படும். யுடிஎஃப்-8 இல் ஒரு தமிழ்க் குறியுரு 3 பைட்டு கொள்வதால், கல் என்னும் சொல்லின் 9 பைட்டுகளும் அதற்குள் அடங்கிவிடும். பல்கலைக்கழகம் என்னும் சொல்லின் 39 பைட்டுகள் அணியுடன் இணைந்த தனி நினைவகப் பகுதியில் வைக்கப்படும். சொல் வெட்டுப்படுவதில்லை. விடுபட்ட தரவைக் குறிக்கத் தனி அடையாளம் ஒன்றை வைத்துக்கொள்ளவும் இவ்வகையில் வழியுண்டு. சரங்களுக்கான விரைவுச் செயற்கூறுகள் தனிப் பெயர்வெளியில் தொகுக்கப்பட்டுள்ளன.

அணி இடைமுகச் செந்தரம்

வரைகலைச் செயலிகளில் கணக்கிடும் கியூபை, ஆழ்கற்றலுக்கான பைடார்ச், ஜாக்சு எனப் பல நிரலகங்களும் அணிகளைத் தருகின்றன. ஒரே பணிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரைப் பயன்படுத்தினால், ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் இயங்காது. இதனைத் தீர்க்க உருவாக்கப்பட்டதே பைத்தான் அணி இடைமுகச் செந்தரம். நம்பை 2.0 இச்செந்தரத்தின் 2022.12 பதிப்பை முதன்மைப் பெயர்வெளியிலேயே ஏற்றது. இதற்கென, நேர்மாறு முக்கோணவியல் சார்புகள், அணிகளை இணைத்தல், அடுக்கேற்றம் முதலியவற்றுக்குச் செந்தரப் பெயர்கள் பழைய பெயர்களுடன் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன.

ஏனைய மாற்றங்கள்

* நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் செயற்கூறில், வலப்பக்க அணி ஒரு பரிமாணம் கொண்டதாக இருந்தால் மட்டுமே அது திசையன் எனக் கொள்ளப்படும். பல பரிமாண அணிகளில் முன்பு இருந்த பொருள் மயக்கம் இதனால் நீங்கியது.
* ஃபூரியே உருமாற்றம் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களை அவ்வகையிலேயே கணக்கிடுகிறது. முன்பு அவை 64 பிட்டாக மாற்றப்பட்ட பின்னரே கணக்கிடப்பட்டன.
* வரிசைப்படுத்தும் செயற்கூறுகள், ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் செயலி வசதிகளைப் பயன்படுத்தி வேகமாக்கப்பட்டன.
* மேக் இயங்குதளத்தின் 14 ஆம் பதிப்பு முதல், நேரியல் இயற்கணிதக் கணக்குகளுக்கு ஆப்பிளின் ஆக்செலரேட் நிரலகத்தைப் பயன்படுத்தும் பொதிகள் வெளியிடப்பட்டன.

மாறிச்செல்லும் முறை

2.0 இன் சோதனைப் பதிப்பு 2024 மார்ச்சு மாதத்தில் வெளிவந்தது. நம்பையைச் சார்ந்த நிரலகங்கள் இறுதி வெளியீட்டிற்கு முன்னரே தம்மைத் திருத்திக்கொள்ள இதனால் காலம் கிடைத்தது. சைப்பை 1.13, பாண்டாசு 2.2.2 ஆகிய பதிப்புகள் 2024 ஏப்பிரல் மாதத்திலேயே 2.0 உடன் இயங்கும் வகையில் வெளிவந்தன. அவ்வாறு திருத்தப்படாத நிரலகங்களைப் பயன்படுத்தியோர், நம்பையின் பதிப்பு 2 க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வரம்பிட்டுப் பழைய பதிப்பிலேயே தொடர்ந்தனர்.

பழைய நிரல் ஒன்றை 2.0 க்குக் கொண்டு செல்வோர் பின்வரும் வரிசையில் செய்வது எளிது. முதலில், நிரல் சார்ந்துள்ள பிற நிரலகங்கள் 2.0 ஐ ஏற்பனவா என்று காண வேண்டும். அடுத்து, நீக்கப்பட்ட பெயர்களைத் திருத்த வேண்டும். ரஃப் என்னும் நிரல் ஆய்வுக் கருவியில் இதற்கென அமைந்த விதி, பெரும்பாலான பெயர்களைத் தானாகவே மாற்றித் தரும். இறுதியாக, விடைகளை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது படியே மிகவும் கவனிக்கத்தக்கது. நீக்கப்பட்ட பெயரைப் பயன்படுத்தினால் நிரல் நின்றுவிடும். பிழை உடனே தெரியும். இரும இடைமுகம் பொருந்தாவிடினும் அவ்வாறே. ஆனால் தரவு வகை உயர்வில் ஏற்பட்ட மாற்றம் நிரலை நிறுத்தாமல் விடையை மட்டும் மாற்றக்கூடும். இதனை எந்தக் கருவியாலும் நிரலைப் படித்து மட்டும் முழுமையாகக் கண்டறிய இயலாது. ஆகவே 8 பிட், 16 பிட் முழுவெண்களையும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களையும் பயன்படுத்தும் நிரல்களில், அறிந்த உள்ளீடுகளுக்குப் பழைய பதிப்பு தரும் விடைகளைச் சேமித்து வைத்து, புதிய பதிப்பின் விடைகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 64 பிட் எண்களை மட்டுமே பயன்படுத்தும் நிரல்களில் இம்மாற்றத்தின் தாக்கம் மிகக் குறைவு.

இதே காரணத்தால், ஆய்வுக்கட்டுரை ஒன்றில் கணிப்பு முடிவுகளை வெளியிடுவோர், பயன்படுத்திய நம்பையின் பதிப்பு எண்ணையும் குறிப்பிடுவது நன்று. ஒரே நிரலும் ஒரே தரவும் இரு பதிப்புகளில் இரு விடைகளைத் தரக்கூடும் என்ற நிலையில், பதிப்பு எண் இல்லாத முடிவை மற்றொருவர் மீண்டும் பெற்றுச் சரிபார்ப்பது கடினம்.

பின்வந்த பதிப்புகள்

நம்பை 2.0 பைத்தானின் 3.9 முதல் 3.12 வரையிலான பதிப்புகளில் இயங்கியது. 2024 ஆகத்து மாதத்தில் வெளிவந்த 2.1 பதிப்பு, பைத்தான் 3.13 ஐயும், பல இழைகளை ஒரே நேரத்தில் இயக்கத் தடையாக இருந்த பொதுப் பூட்டு நீக்கப்பட்ட பைத்தான் வடிவத்தையும் தொடக்க நிலையில் ஆதரித்தது. 2.2 பதிப்பு 2024 டிசம்பரிலும், 2.3 பதிப்பு 2025 ஜூனிலும் வெளிவந்தன. இவை 2.0 இல் வகுக்கப்பட்ட தரவு வகை உயர்வு விதிகளையே பின்பற்றுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பைத்தான்
* சைப்பை
* மிதவைப் புள்ளி எண்
* யுனிகோடு
* கட்டற்ற மென்பொருள்